கணக்கு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும்: புளியங்கொட்டை, சீட்டுக்கட்டு, தாயக்கட்டை போதும்

குழந்தைகளுக்கான ‘கணக்கு விளையாட்டு’ என்று விற்கப்படும் பலவற்றில் ஒரே அமைப்புதான் இருக்கிறது. ஒரு கணக்கைப் போடு, விடை சரி என்றால் பகடையை உருட்டு, காயை நகர்த்து. குழந்தைக்குப் பிடித்தது பகடையும் காயும். நடுவில் வரும் கணக்கு, சுங்கச்சாவடியில் கட்டும் காசு மாதிரி, வேண்டா வெறுப்பாகக் கட்டிவிட்டுப் போகிற விஷயம். நாலு நாளில் ஆட்டமும் அலுத்துவிடும், கணக்கும் ஏறியிருக்காது.

ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள்: இதிலிருந்து கணக்கை எடுத்துவிட்டால் ஆட்டம் நடக்குமா? நடக்கும் என்றால் கணக்கு அதில் ஒட்டவைத்த சங்கதி. பல்லாங்குழியில் எண்ணிக்கையை எடுத்துவிட முடியாது. எடுத்தால் ஆட்டமே இல்லை. எந்தக் குழியைக் கையில் அள்ளுவது என்ற முடிவே கணக்குதான். கீழே வரும் எல்லா ஆட்டங்களும் இந்தச் சல்லடையில் தேறியவை.

தேவையான பொருட்கள் அதிகம் இல்லை: கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை 100, ஒரு சீட்டுக்கட்டு, ஒரு ஜோடி தாயக்கட்டை, கட்டம் போட்ட கணக்கு நோட்டு, சாக்பீஸ், பழைய காலண்டர் அட்டை. புளியங்கொட்டைக்குப் பதில் சோழி, மஞ்சாடி, சட்டைப் பொத்தான் எதுவும் ஆகும். குன்றிமணி மட்டும் வேண்டாம். பார்க்க அழகாக இருந்தாலும் கடித்து விழுங்கினால் கடும் விஷம். வீட்டில் 3 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் எந்தக் கொட்டையையும் ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். வாயில் போட்டால் மூச்சுக்குழாயில் சிக்கிவிடும்.

சாக்பீஸ் கோடு: 4 முதல் 6 வயது வரை

தரையில் ஓர் அடி அகலத்தில் 10 கட்டங்களை ஒரே வரிசையாகப் போடுங்கள். பாண்டி ஆட்டக் கட்டம் போல இரண்டாகப் பிரிக்க வேண்டாம், நேர்க்கோடாகவே இருக்கட்டும். இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். முதல் கட்டத்துக்கு முன்னால் ‘0’ என்று ஒரு கோடு. குழந்தை அங்கே நிற்கும். பகடை வேண்டாம், ஒரு நாணயம் போதும்: தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் 2. முதலில் 10-ஐத் தொடுபவர் ஜெயித்தார்.

இந்த ஆட்டத்தின் உயிர், நகரும்போது வாயால் என்ன சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. 4-இல் நிற்கும் குழந்தைக்கு 2 விழுந்தால், “ஒன்று, இரண்டு” என்று எண்ணிக்கொண்டு நகரக் கூடாது. “ஐந்து, ஆறு” என்று, காலடியில் இருக்கும் எண்ணைச் சொல்லி நகர வேண்டும். “ஒன்று, இரண்டு” என்று எண்ணும் குழந்தை ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்கிறது. “ஐந்து, ஆறு” என்று சொல்லும் குழந்தை நாலிலிருந்து மேலே எண்ணப் பழகுகிறது. கூட்டலுக்கு வேண்டியது இதுதான். அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற ஆய்வாளர்கள் ஏழை வீட்டுச் சிறு குழந்தைகளை இதுபோன்ற 10 கட்டப் பலகையில் விளையாடவிட்டுப் பார்த்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 15 நிமிட ஆட்டம், இரண்டு வாரத்தில் 4 முறை, அவ்வளவுதான். எண் எழுதிய பலகையில் ஆடியவர்களின் எண்ணறிவு தெளிவாக முன்னேறியது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் வண்ணம் இருந்தபோது அந்த முன்னேற்றம் வரவில்லை.

அடிக்கடி வரும் தவறு: நிற்கும் கட்டத்தையே ‘ஒன்று’ என்று எண்ணுவது. 4-இல் நின்றபடி “நாலு, ஐந்து” என்று சொல்லி ஐந்தில் நின்றுவிடும். திட்ட வேண்டாம். “குதிச்ச பிறகு சொல்லு” என்று ஒரே ஒரு விதி வையுங்கள். கால் தரையில் படும்போதுதான் எண் வாயில் வர வேண்டும். கால் எழும்பாமல் எண்ணுக்கு இடமில்லை என்று ஆனதும் தவறு தானாக நின்றுவிடும்.

பத்து வரை சரளமானதும் 10-லிருந்து 0-க்குத் திரும்பி வரும் ஆட்டம். அதற்குப் பிறகு அதே 10 கட்டத்தில் 26 முதல் 35 வரை எழுதுங்கள். 29-இலிருந்து 30-க்குத் தாண்டும் இடத்தில்தான் பெரும்பாலான குழந்தைகள் தடுமாறுவார்கள், அந்த இடம் கோட்டின் நடுவில் வருகிற மாதிரி எழுதுவது நல்லது. பரமபதம் வாங்குவதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நூறு கட்டப் பலகையில் வரிசை வளைந்து வளைந்து போவதால், எண் பெரிதாகிக்கொண்டே ஒரே திசையில் போகிறது என்ற உணர்வு சின்னக் குழந்தைக்குக் கிடைக்காது.

பத்துச் சோடி: ஒன்று, இரண்டாம் வகுப்பு

சீட்டுக்கட்டிலிருந்து ராஜா, ராணி, ஜாக்கி, பத்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஏஸ் என்பது 1. மீதம் 36 சீட்டு. 12 சீட்டை முகம் தெரிய 3 வரிசையாகப் பரப்பி மற்றதைக் கட்டாகக் கவிழ்த்து வையுங்கள். முறை வந்தவர் கூட்டினால் 10 வரும் இரண்டு சீட்டை எடுத்துக்கொண்டு, காலியான இடத்தில் கட்டிலிருந்து இரண்டை வைக்க வேண்டும். சோடியே கண்ணில் படவில்லை என்றால் கூடுதலாக இரண்டு சீட்டை விரிக்கலாம்.

கட்டில் 1-க்கு 9, 2-க்கு 8, 3-க்கு 7, 4-க்கு 6 என்று நாலு நாலு சோடி, ஐந்தும் ஐந்துமாக இரண்டு சோடி. மொத்தம் 18. ஆக, எல்லாரும் சரியாக எடுத்தால் கடைசியில் ஒரு சீட்டுகூட மிஞ்சாது. மிஞ்சினால் வழியில் யாரோ தப்பாக எடுத்திருக்கிறார்கள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சோடியையும் சரிபார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆட்டமே சொல்லிவிடும். அப்போது அவரவர் சோடிகளைத் திருப்பி விரித்துத் தப்பைத் தேடுவது ஆட்டத்தைவிடச் சுவாரசியமாக நடக்கும்.

நாலைந்து முறை ஆடிய பிறகு, தொடங்கும் முன் ஒரு சீட்டை யாரும் பார்க்காமல் உருவி நோட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். கடைசியில் ஒற்றையாக ஒரு 3 மிஞ்சும். “ஒளிச்சு வெச்ச சீட்டு என்ன?” 7 என்று சொல்லிவிட்டு நோட்டைத் தூக்கிப் பார்க்கும் அந்த நேரத்துக்காகவே குழந்தைகள் திரும்பத் திரும்ப இதைக் கேட்பார்கள். 3-க்கு எத்தனை சேர்த்தால் 10 என்பது, கழித்தல் என்ற பேரே சொல்லாமல் கைக்கு வந்துவிடுகிறது.

விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். பத்து விரல் இருப்பதே இந்த ஆட்டத்துக்கு நல்ல துணை. 7 விரலை நீட்டினால் மடங்கிய 3 கண்ணுக்குத் தெரிகிறது. தடுத்தால் குழந்தை முதுகுக்குப் பின்னால் எண்ணும், அல்லது ஊகித்துச் சொல்லும். இரண்டுமே மோசம்.

பல்லாங்குழி: இரண்டாம் வகுப்பிலிருந்து எந்த வயது வரையும்

பலகை இல்லையென்றால் தரையில் 7 வட்டம், அதற்கு எதிரே 7 வட்டம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் குழி இருப்பது முக்கியம். வட்டத்தில் கொட்டை உருண்டு அடுத்ததில் கலந்துவிட்டால் ஆட்டமே தகராறில் முடியும். 14 கொட்டாங்குச்சியோ காகிதக் கோப்பையோ கிடைத்தால் போதும்.

ஊருக்கு ஊர் விதி மாறும். குழந்தைக்குத் தொடங்க எளிய வடிவம் இது. குழிக்கு 5 வீதம் 70 காய். முறை வந்தவர் தன் பக்கத்தில் ஏதேனும் ஒரு குழியின் காய்களை முழுதாக அள்ளி, வலப்பக்கமாக அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். தன் வரிசை முடிந்ததும் எதிராளியின் வரிசையில் சுற்றி வர வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாம். அதோடு முறை முடிந்தது. நாலு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுக்கும் விதியை முதல் சில நாள் விட்டுவிடுங்கள், ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிப்பது சிரமம்.

முதல் ஆட்டத்தை ஒரு முறை கூடவே இருந்து போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் இடமிருந்து வலமாக 1 முதல் 7, எதிர்ப்பக்கம் தொடர்ந்து 8 முதல் 14 என்று மனதுக்குள் எண் கொடுங்கள். 1-ஐ அள்ளினால் 5 காய் 2 முதல் 6 வரை விழும். அடுத்து 7-ஐ அள்ள, அது 8 முதல் 12 வரை போகும். அடுத்து 13: அதன் ஐந்தும் 14, 1, 2, 3, 4-இல் விழும். அடுத்து 5. இப்போது அதில் 6 காய் இருக்கும், 6 முதல் 11 வரை போகும். அடுத்து 12, அதிலும் 6. 13, 14, 1, 2, 3, 4 என்று தீரும். அடுத்த குழி 5 வெறுமை. துடைத்துவிட்டு 6-ஆவது குழியைப் பார்த்தால் 7 காய். எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது குழந்தையிடம் கேளுங்கள்: 1-க்குப் பதில் 3-ஆவது குழியில் தொடங்கியிருந்தால் எத்தனை கிடைத்திருக்கும்? போட்டுப் பார்க்கட்டும். 7-தான். 6-இல் தொடங்கினாலும் 7-தான். எல்லாக் குழியிலும் ஒரே எண்ணிக்கை இருக்கும்போது, சுற்றிவரும் பாதையில் எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான் என்பதை ஒரு எட்டு வயதுக் குழந்தை தானாகவே சொல்லிவிடும், அதற்கு ஏழெட்டு முறை போட்டுப் பார்க்க நேரம் கொடுத்தால். மறுநாள் குழிக்கு 6 வைத்துப் பாருங்கள். இரண்டே அள்ளலில் ஆட்டம் நின்றுவிடும். கிடைப்பது அப்போதும் 7. ஏன் இவ்வளவு சீக்கிரம் நின்றது என்று தேடிப் போனால், 6 காயும் அள்ளிய ஒரு குழியும் சேர்ந்து 7, அது 14-இல் சரிபாதி என்பது தெரியவரும். இரண்டாவது அள்ளல் முடியும்போது தொடங்கிய குழிக்கே வந்து நிற்கிறோம், அது வெறுமை.

முதல் முறைக்குப் பிறகுதான் குழிகள் மேடு பள்ளமாகி, தேர்வு என்று ஒன்று வருகிறது. அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு விதியைச் சேருங்கள்: அள்ளும் முன் கடைசிக் காய் எந்தக் குழியில் விழும் என்று விரலால் காட்ட வேண்டும். காட்டியது சரியாக இருந்தால் டப்பாவிலிருந்து ஒரு காய் பரிசு என்றெல்லாம் வைக்காதீர்கள், 70 குலைந்துவிடும். சரியாகக் காட்டியவருக்கு அடுத்த நகர்வு எதிராளியைவிட முன்பே தெரிந்துவிடுகிறது, அதுவே பரிசு. தொடக்கத்தில் ஒவ்வொரு குழியாகத் தொட்டு எண்ணுவார்கள். பிறகு குறுக்குவழிகள் வரும். 7 காய் என்றால், என் முதல் குழியிலிருந்து எதிராளியின் முதல் குழி. 14 காய் என்றால் அள்ளிய இடத்துக்கே திரும்பும். 16 காய் என்றால் 14-ஐத் தள்ளிவிட்டு 2 குழி எண்ணினால் போதும்.

ஒரு பக்கம் முழுக்க வெறுமையானால் சுற்று முடிந்தது, மறுபக்கத்தில் மிஞ்சிய காய் அந்தப் பக்கத்தாருக்கு. அதற்குப் பின் நடக்கும் கணக்கைப் பல வீடுகளில் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். அங்கே நிதானம் வேண்டும். உங்களிடம் 41 காய் என்றால் எதிராளியிடம் எத்தனை? எண்ணாமல் சொல்ல வேண்டும்: 29. பிறகு எண்ணிச் சரிபார்க்கலாம். அடுத்த சுற்றுக்கு அவரவர் குழியை ஐந்து ஐந்தாக நிரப்ப வேண்டும். 41-இல் 7 குழி நிரம்பி 6 மிச்சம், அது கைக்காய். 29-இல் 5 குழி நிரம்பி 4 மிச்சம், நிரம்பாத 2 குழியை மூடிவிட்டு ஆட வேண்டும். மீதியோடு வரும் வகுத்தல், பாடப்புத்தகத்தில் வருவதற்கு முன்பே கைக்குள் வந்துவிட்டது. 31 காய் வைத்திருக்கும் குழந்தைக்கு ‘இன்னும் 4 இருந்தா ஏழும் நிரம்பியிருக்கும்’ என்று வருத்தப்படத் தெரிந்தால் அது பெருக்கலும் கழித்தலும் சேர்ந்த கணக்கு.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் கைவேகத்தால்தான். பெரியவர்கள் சலசலவென்று போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துக் குழந்தையும் வேகம் காட்டும், ஒரு குழியில் இரண்டு விழும், ஒன்று விடுபடும். சுற்று முடிவில் இருவர் காயும் சேர்ந்து 70 வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் காணாமல் போன காயைத்தான் பிடிக்கும், தவறிப் போட்டதைப் பிடிக்காது. அதனால் போடும்போது குழியின் விளிம்பில் விரலைத் தொட்டுப் போடச் சொல்லுங்கள். வேகம் தானாகக் குறையும்.

பெருக்கலுக்குக் கட்டம் பிடித்தல்

வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட 7×8 என்றால் கண்ணுக்குத் தெரியும் அளவு ஒன்று மனதில் இருக்காது. கணக்கு நோட்டில் 20-க்கு 20 கட்டத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள், மொத்தம் 400 சின்னக் கட்டம். சீட்டுக்கட்டில் 2 முதல் 9 வரை மட்டும். முறை வந்தவர் இரண்டு சீட்டு எடுக்க வேண்டும். 4, 7 வந்தால் 4 வரிசை, 7 நிரல் கொண்ட செவ்வகத்தைத் தன் நிறத்தில் வரைந்து, நடுவில் 28 என்று எழுத வேண்டும். லூடோ பகடை இதற்கு உதவாது. ஆறோடு நின்றுவிடும், தடுமாற வைப்பதோ 7, 8, 9.

இடம் நெருக்கமாகும்போதுதான் ஆட்டம் சூடு பிடிக்கும். 7×8 செவ்வகம் எங்குமே பொருந்தாது. அப்போது அதை நேர்க்கோட்டில் இரண்டாக வெட்டி வெவ்வேறு இடத்தில் வைக்கலாம் என்று விதி. 5×8-ஆகவும் 2×8-ஆகவும் வெட்டினால் 40-உம் 16-உம், சேர்ந்து 56. பெருந்துண்டை வைக்க இடம் தேடும் குழந்தை எப்படி எப்படியெல்லாம் வெட்டலாம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும். 8-ஆம் வாய்ப்பாடு மறந்துபோனால் இதே வழியில் அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளவும் முடியும். ஒரே தடவை வெட்டலாம் என்று வரையறை வையுங்கள், இல்லையென்றால் துண்டு துண்டாகப் போட்டு எல்லா மூலையையும் நிரப்பிவிடுவார்கள்.

வைக்க இடமில்லாமல் இருவரும் அடுத்தடுத்து விட்டுக்கொடுத்தால் ஆட்டம் முடிந்தது. அவரவர் எண்களைக் கூட்டி, இரண்டு கூட்டுத்தொகையோடு காலிக் கட்டங்களைச் சேர்த்தால் 400 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பெருக்கலோ கூட்டலோ தப்பு. பெரும்பாலும் கட்டத்தை எண்ணாமல் கோட்டை எண்ணியிருப்பார்கள்: 7 கோட்டுக்கு நடுவே 6 கட்டம்தான் இருக்கும். மூலைக் கட்டத்தில் சின்னப் புள்ளி வைத்து அதிலிருந்து எண்ணத் தொடங்கச் சொன்னால் சரியாகிவிடும்.

தாயக்கட்டையை வைத்து நிகழ்தகவு

ஐந்தாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு. தாயக்கட்டையின் நாலு பக்கத்தில் ஒன்று வெறுமை, மற்ற மூன்றில் 1, 2, 3 புள்ளி. இரண்டையும் உருட்டினால் வெறுமையும் ஒன்றும் சேர்ந்து தாயம், இரண்டும் வெறுமை என்றால் 12. தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பல வீட்டில் வழக்கம்.

தாயமே விழாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை “எனக்கு மட்டும் விழவே மாட்டேங்குது” என்று சொல்லும் நேரத்தில் நோட்டை எடுங்கள். ஒரு கட்டையில் சாக்பீஸால் அடையாளம் வைத்து, முதல் கட்டைக்கு 4 வாய்ப்பு, அது ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கட்டையில் 4 வாய்ப்பு என்று 16 கட்ட அட்டவணை போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன விழுந்தது என்று எழுதினால்: 3 நாலு இடத்தில், 2-உம் 4-உம் மூன்று மூன்று இடத்தில், தாயமும் 5-உம் இரண்டு இரண்டு இடத்தில், 6-உம் 12-உம் ஒவ்வோர் இடத்தில். மறு உருட்டல் தரும் நாலும் சேர்ந்து 16-இல் 6 இடம். அரிதாக விழுபவற்றுக்குத்தான் நம் முன்னோர் கூடுதல் வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

பிறகு 64 முறை உருட்டிக் கோடு போட்டுக் குறிக்கட்டும். கணக்குப்படி தாயம் 8, மூன்று 16. உண்மையில் தாயம் 5-உம் விழலாம், 11-உம் விழலாம். அப்படியே 8 வரவில்லை என்று அட்டவணையைச் சந்தேகிக்கும் குழந்தைக்கு, இன்னும் இரண்டு பேர் போட்ட 64-ஐயும் சேர்த்துப் பார்க்கக் கொடுங்கள். எண்ணிக்கை கூடக்கூட விகிதம் எட்டில் ஒன்றை நெருங்கும். தாயம் ஆடும்போதே இது கைகொடுக்கும்: எதிராளியின் காய்க்கு 3 கட்டம் முன்னால் போய் நிற்பது, 6 கட்டம் முன்னால் நிற்பதைவிட ஆபத்து. வெட்டுப்படாமல் தப்ப எங்கே நிற்பது என்று யோசிப்பவர் அந்த 16 கட்டத்தைத்தான் யோசிக்கிறார்.

சின்னதாக இன்னும் நாலு

இலக்கக் கட்டம்: 0 முதல் 9 வரை எழுதிய துண்டுச் சீட்டை மஞ்சப்பையில் போட்டுக் குலுக்குங்கள். ஆளுக்கு நூறு, பத்து, ஒன்று என மூன்று கட்டமும் ஒரு குப்பைக் கட்டமும். சீட்டை ஒவ்வொன்றாக எடுக்கும்போதே எல்லாரும் தங்கள் கட்டத்தில் எழுதிவிட வேண்டும், மாற்றக் கூடாது. நாலு சீட்டு முடிந்ததும் பெரிய எண் வைத்திருப்பவர் ஜெயித்தார். பென்சில் கொடுத்தால் அழித்து மாற்றுவார்கள், பேனா கொடுங்கள். முதல் சீட்டே 6 வந்தால் எங்கே எழுதுவது? பையில் மீதம் 9 சீட்டு, அதில் ஆறைவிடப் பெரியவை 3, இன்னும் மூன்று முறை எடுக்கப்போகிறோம். இந்தப் பேச்சை நடத்தத்தான் ஆட்டம். பழகியதும் ‘500-க்கு மிக அருகில்’ என்று இலக்கை மாற்றுங்கள்.

கடை வைத்து விளையாடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. விலையை மட்டும் 10, 20, 50 என்று உருட்டாக வைக்காதீர்கள். 37 ரூபாய் சோப்புக்கு 50 ரூபாய் நோட்டு கொடுத்தால், கடைக்காரர் கழித்துப் பார்க்காமல் மேலே எண்ணிச் சில்லறை தர வேண்டும்: “37, இந்தா 3, நாற்பது, இந்தா 10, ஐம்பது.” மளிகைக் கடையில் அண்ணாச்சி செய்வது இதைத்தான், கடன் வாங்கிக் கழிப்பதில் வரும் தவறு இதில் வராது. குழந்தை கடைக்காரராக இருக்கட்டும். சில்லறை தருபவருக்குத்தான் வேலை அதிகம்.

இருபத்தொரு கொட்டை: இருவர், முறைக்கு 1 முதல் 3 வரை எடுக்கலாம், கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தார். ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும். தோற்றுக்கொண்டே இருக்கும் குழந்தையிடம் 5 கொட்டை மட்டும் வைத்து ஆடுங்கள், பிறகு 6, 7, 8. எதிராளிக்கு 4 விட்டால் அவர் என்ன எடுத்தாலும் மீதி நமக்கு என்று புரியும், பிறகு 8, 12 என்று அது நான்காம் வாய்ப்பாடாக நீளும். கண்டுபிடித்த நாளில் உங்களை வரிசையாகத் தோற்கடிப்பார்கள். அப்போது ‘கடைசிக் கொட்டையை எடுத்தால் தோல்வி’ என்று விதியைப் புரட்டிவிடுங்கள்.

ஆறாம், ஏழாம் வகுப்பில் முழுக்கள் வரும்போது: கறுப்புச் சீட்டு வரவு, சிவப்புச் சீட்டு செலவு. ஆளுக்கு 4 சீட்டு. முறை வரும்போது இடப்பக்கத்தார் கையிலிருந்து பார்க்காமல் ஒன்றை உருவ வேண்டும். கையின் மொத்தம் சரியாக 0 ஆனால் காட்டி ஜெயிக்கலாம். கறுப்பு 6, சிவப்பு 5, சிவப்பு 3 வைத்திருப்பவர் கையில் மொத்தம் -2. யாரோ அந்தச் சிவப்பு 5-ஐ உருவிக்கொண்டு போனால் அவர் மொத்தம் 3 ஆகிறது, ஐந்து கூடிவிட்டது. குறையெண்ணைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்ற கேள்விக்கு, செலவு ஒன்று கையைவிட்டுப் போனதைப் பார்த்த குழந்தைக்கு விளக்கம் தேவைப்படாது.

பெரியவர் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் போதும். ‘இன்னும் ஒரு ஆட்டம்’ என்று கேட்கும்போதே நிறுத்துவது நல்லது. கடிகாரம் வைத்து வேகம் பார்க்க வேண்டாம். நேரம் ஓடுகிறது என்றால் யோசிப்பதை விட்டு ஊகிக்கத் தொடங்குவார்கள். தப்பாகச் சொன்னால் உடனே சரியான விடையைச் சொல்லாமல், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பாதி நேரம் அவர்களே திருத்திக்கொள்வார்கள். சரியாகச் சொன்னாலும் “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்ததுமே விடையை மாற்றப் பழகிவிடுவார்கள்.

வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதைக் குழந்தைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட, வயது வித்தியாசத்துக்கு விதியிலேயே இடம் கொடுங்கள். பல்லாங்குழியில் பெரியவர் 2 குழியை மூடிக்கொண்டு ஆடலாம், கட்டம் பிடிப்பதில் சின்னவர் 3 சீட்டு எடுத்து அதில் இரண்டைத் தேர்ந்துகொள்ளலாம், பத்துச் சோடியில் அக்கா மூன்று சீட்டால்தான் 10 சேர்க்க வேண்டும் என்று வைக்கலாம். அப்படி வைத்த நாளில் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது என்ற சோதனை செல்லாது. ஆளுக்கு ஆள் விதி மாறுவது அநியாயம் என்று சின்னவர் நினைப்பதில்லை, ஜெயிக்க வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

தோற்கும் நேரத்தில் புது விதி சொல்லும் குழந்தையை ‘கள்ளாட்டம்’ என்று அடக்கிவிடாதீர்கள். “சரி, இந்த விதியை அடுத்த ஆட்டத்துக்கு எழுதி வைப்போம், ரெண்டு பேருக்கும் பொருந்தும்” என்று நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த ஆட்டத்தில் அந்த விதி தனக்கே எதிராகத் திரும்பும்போது, அதை எப்படி மாற்றினால் சரியாகும் என்று எண்களைப் போட்டுப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.